முடி உதிர்வுக்கான பூச்சு மருந்துகள்: வீட்டில் வைக்கும் முறையும் கெட்டதை அறியும் வழியும்

முடி உதிர்வுக்காகத் தலையில் பூசும் மருந்தைச் சில மாதங்கள் பயன்படுத்தியவர்கள் எங்கள் தோல் மருத்துவப் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மருந்து வெயிலில் கெட்டுப்போயிருக்குமோ?" மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் வாழ்வோர் இவ்வாறு ஐயுறுவதில் வியப்பில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நிலம் இது. சித்திரையிலும் வைகாசியிலும் நிழலிலேயே வெப்பம் 38 டிகிரியை எட்டிவிடும். தகரக் கூரையின் கீழ் அதனினும் கூடும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியிலும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான். மருந்தின் அட்டைப் பெட்டியிலோ, 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியோர் இடத்துக்கு எங்கே போவது?

இந்த ஐயத்தால் இருவகைத் தவறுகள் நேர்வதைக் காண்கிறோம். சிலர் நல்ல மருந்தைக் கொட்டிவிட்டு, அடுத்த பாட்டில் வாங்கும்வரை வாரக்கணக்கில் பூசாமல் இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று, கெட்ட மருந்தை அடிவரை பூசித் தீர்க்கிறார்கள். எங்கள் கருத்தில் முதல் தவறே பெரிது. இவ்வகை மருந்துகளுள் மிகுதியாகப் பயன்படும் மினாக்சிடில், பூசும் காலம்வரை மட்டுமே முடியைத் தாங்கிப் பிடிக்கும். நிறுத்தினால், அதனால் நின்ற முடியும் வளர்ந்த முடியும் மூன்று நான்கு மாதங்களில் உதிர்ந்துவிடும். ஆகவே பாட்டிலைத் தூக்கி எறியும் முன் அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் பாட்டிலுக்குள் இருப்பது என்னவென்று பார்ப்போம். மினாக்சிடில் தண்ணீரில் எளிதில் கரையாத பொருள். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் மட்டுமே கரையும். அதே அளவு எத்தனால் என்னும் ஆல்கஹாலில் ஏறத்தாழ 29 மில்லிகிராமும், புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் பிசுபிசுப்பான நீர்மத்தில் ஏறத்தாழ 75 மில்லிகிராமும் கரையும். 5 விழுக்காட்டுக் கரைசல் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் மருந்து இருக்க வேண்டும். தண்ணீரால் மட்டும் இதைச் சுமக்க இயலாது என்பதால் மூன்றையும் ஓர் அளவில் கலந்து கரைசலாக்குகிறார்கள். அந்தக் கலவையின் அளவு மாறினால் மருந்து கரைசலிலிருந்து பிரிந்து படிகமாகிவிடும். வீடுகளில் மருந்து வீணாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மருந்துப் பொருள் சிதைவதைவிட, அதைச் சுமக்கும் நீர்மம் குலைவதையே நாம் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

வெப்பத்தைப் பற்றிய அச்சம் ஓரளவுக்கு மிகையானது. எந்த மருந்தையும் சந்தைக்கு அனுப்புமுன் 40 டிகிரி வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஆறு மாதங்கள் வைத்துச் சோதிப்பது பல நாடுகளும் ஏற்றுக்கொண்ட நெறி. எனவே சங்கரன்கோவிலில் மருந்து வாங்கி, நண்பகல் பேருந்தில் ஊர் வந்து சேர்வதற்குள் அது கெட்டுவிடாது. கோடையின் சில நாள்கள் வீட்டுக்குள் 36, 37 டிகிரி இருந்ததற்காகவும் அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியவை வேறு: பூட்டிய காரின் முன்பக்கம், வெயிலில் நிற்கும் இருசக்கர வாகனத்தின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி, வெயில் விழும் ஜன்னல் திண்டு, அடுப்புக்கு மேலுள்ள பலகை. நம் வீடுகளில் மருந்துக்கென்றே ஒதுக்கியதுபோல் தோன்றும் குளிர்சாதனப் பெட்டியின் மேற்புறமும், தொலைக்காட்சியின் பின்புறமும் இந்தப் பட்டியலில் சேரும். தொட்டுப் பார்த்தாலே அங்குள்ள சூடு தெரியும்.

வெளிச்சம் வெப்பத்தினும் கொடியது. மினாக்சிடில் கரைசல் ஒளி பட்டால் மெல்ல மெல்ல மஞ்சளாகி, பின்னர் பழுப்பு நிறத்தை நோக்கிச் செல்லும். பாட்டிலோடு வரும் அட்டைப் பெட்டியைப் பலரும் வாங்கிய அன்றே எறிந்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டியும் மருந்தின் காவலில் ஒரு பகுதிதான். பாட்டிலை அதற்குள்ளேயே வைத்திருங்கள். பழைய மண்சுவர் வீடுகளில் இருந்த மாடக்குழி மருந்து வைக்கச் சிறந்த இடம். அடுத்து, வெயில் படாத சுவரையொட்டி நிற்கும் மர அலமாரியின் நடுத்தட்டு. இரும்புப் பீரோவானால் மேல்தட்டைத் தவிர்த்து, குழந்தைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.

அப்படியானால் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வேண்டாம். குளிரில் மருந்து கரைசலிலிருந்து பிரிந்து ஊசி ஊசியாகப் படியக்கூடும்.

இனி மூடியைப் பற்றி. எங்களிடம் கொண்டுவரப்படும் கெட்ட பாட்டில்களில் மிகுதியானவை மூடி சரியாக மூடாதவையே. பல பாட்டில்களோடு டிராப்பர் தனியாக வருகிறது. ஒருமுறை டிராப்பரைப் பொருத்தியபின் அதையே மூடியாக வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆல்கஹால் படப்பட டிராப்பரின் ரப்பர் குமிழ் உப்பித் தளர்கிறது. அதன் வழியே ஆல்கஹால் ஆவியாகிறது. ஒவ்வொரு முறையும் டிராப்பரை எடுத்துவிட்டு, பாட்டிலோடு வந்த திருகுமூடியால் இறுக மூடுங்கள். டிராப்பரைத் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு பாட்டிலுக்குள் விடாதீர்கள். சுத்தமான துணியால் வெளிப்புறத்தைத் துடைத்தால் போதும். ஆல்கஹால் ஆவியாகும்போது மருந்து வலுவிழப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் மிஞ்சியிருக்கும் நீர்மம் அடர்த்தியாகிறது, தோலை எரிக்கிறது, ஒருநாள் கூடுதலாகவும் மறுநாள் குறைவாகவும் மருந்து சேர்கிறது.

கலப்படம் என்று இதைச் சொன்னால் வருந்துவார்கள். ஆயினும் சொல்ல வேண்டும். மருந்து நீடித்து வரட்டும் என்று தேங்காய் எண்ணெயிலோ கரிசலாங்கண்ணித் தைலத்திலோ மினாக்சிடிலை ஊற்றிக் கலந்து வைப்பவர்கள் உள்ளனர். எண்ணெயும் கரைசலும் ஒன்றாவதில்லை. மருந்து அடியில் தங்கிவிடும். எண்ணெய் தேய்க்க விரும்புவோர் தலைக்குக் குளிக்கும் நாளில் குளிப்பதற்கு முன் தேய்த்துக்கொள்ளலாம். குளித்து, தலை நன்கு உலர்ந்தபின் மருந்தைப் பூசலாம். சங்கரன்கோவில் புற்றுமண்ணைத் தோல் நோய்க்கு இட்டுக்கொள்வது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். நெற்றியில் இட்டுக்கொள்வதில் எங்களுக்கு மறுப்பேதும் இல்லை. மருந்து பூசிய உச்சந்தலையில் மட்டும் வேண்டாம்.

பாட்டிலைச் சோதிக்கும் முறை எளியது. பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பாட்டிலைப் பிடியுங்கள். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ பழுப்பு நிறமாக இருந்தால், டிராப்பரில் சிறிது எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நிறமற்றதாகவோ வெளிர்மஞ்சளாகவோ தெளிவாக இருந்தால் குறையில்லை. புதிய பாட்டிலிலும் இளமஞ்சள் நிறம் இருப்பதுண்டு. வாங்கிய அன்று இருந்ததைவிட நிறம் கண்ணுக்குத் தெரியும்படி அடர்ந்து, கடுந்தேநீரைப் போலாகியிருந்தால் பயன்படுத்தாதீர்கள். நிறம் மாறியதாலேயே மருந்தின் வலு இவ்வளவு குறைந்தது என்று கணக்கிட முடியாது. வலுவை அளக்க வீட்டில் வழியும் கிடையாது. அதனால்தான் ஐயம் வலுத்தால் மாற்றச் சொல்கிறோம்.

அடுத்து, கலங்கலும் படிகமும். பாட்டிலின் வாயிலும் மூடியின் மரையிலும் வெண்பொடி படிந்திருப்பது வழிந்து காய்ந்த மருந்துதான். அது கெட்டதற்கு அடையாளமன்று. தெளிப்பானின் துளை அடைபடுவதும் இதனாலேயே. பூசிய தலையில் மறுநாள் தென்படும் வெள்ளைத் துகளும் பெரும்பாலும் இப்படிப் படிந்ததே. அதைப் பொடுகு என்று எண்ணி வேறு மருந்து வாங்கியவர்களும் உண்டு. ஆனால் நீர்மத்துக்குள்ளேயே ஊசிகளோ துகளோ மிதந்தால், குளிரில் இருந்த பாட்டிலா என்று முதலில் நினைத்துப் பாருங்கள். அப்படியானால் ஒருநாள் அறை வெப்பத்தில் வைத்து மெல்லக் குலுக்குங்கள். முற்றிலும் கரைந்து தெளிந்தால் பயன்படுத்தலாம். கரையவில்லையென்றால், அல்லது குளிரில் வைக்காமலே படிகம் தோன்றியிருந்தால், ஆல்கஹால் போய்விட்டது என்று கொள்ளுங்கள்.

மூக்கும் உதவும். நல்ல கரைசலைத் திறந்ததும் ஆல்கஹாலின் காரமான மணம் எழும். அம்மணம் மங்கி, பூசிய இடம் வெகுநேரம் காயாமல் பிசுபிசுத்தால் மூடி ஏமாற்றிவிட்டது என்று பொருள். பாட்டிலைத் திறந்த நாளையும், அப்போதைய நீர்மத்தின் மட்டத்தையும் பேனாவால் ஒட்டுச்சீட்டில் குறித்து வையுங்கள். நாளுக்கு இருமுறை ஒவ்வொரு மில்லிலிட்டர் பூசினால் 60 மில்லிலிட்டர் பாட்டில் 30 நாளில் தீரும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் பூசாதிருந்தும் மட்டம் இறங்கியிருந்தால் காரணம் தெரிந்துவிடும். காலாவதி தேதியில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அம்மாதத்தின் கடைசி நாள்வரை அது செல்லும். மூடி இறுக்கமாக, வெயில் படாமல் இருந்த பாட்டிலுக்கே அந்தத் தேதி பொருந்தும். விலை குறைவு என்று ஆறு பாட்டில்களை ஒருசேர வாங்குவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் நுரை மருந்து வேறு வகை. அது உடற்சூட்டிலேயே உருகும்படி செய்யப்பட்டது. கோடையில் கையில் விட்டவுடன் தண்ணீராகிவிட்டது என்று வருந்த வேண்டாம். விரல்களைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். ஆனால் அந்த உலோகக் குப்பி அழுத்தம் ஏற்றப்பட்டது, எளிதில் தீப்பற்றக்கூடியது. அதை வெயிலில் விடுவதும், தீர்ந்தபின் துளையிடுவதும், குப்பையோடு கொளுத்துவதும் கேடு. கரைசல் வகையும் எளிதில் தீப்பற்றும். தலை காயும்வரை அடுப்பு, விளக்கு, பீடி எதன் அருகிலும் போகாதீர்கள்.

மருந்து நன்றாக இருந்தும் முடி கொட்டுவது ஏன்? பூசத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவது இயல்பு; ஓய்விலிருந்த பழைய முடி, புதிய முடிக்கு இடம்விட்டு விழுகிறது. கடுங்காய்ச்சலுக்கோ மகப்பேற்றுக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் உதிர்வும் மருந்தின் குற்றமன்று. பயன் தெரிய நான்கு மாதமாவது வேண்டும். அரிப்பும் தோல் சிவப்பும் புதிய பாட்டிலிலும் வரலாம். புரோப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அது கலவாத வகை உண்டு, எங்களிடம் கேளுங்கள்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இப்பகுதியைத் தவறாமல் படியுங்கள். மினாக்சிடில் முதலில் இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக வந்தது. அமெரிக்காவில் 1979இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. மாத்திரை உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டபின்தான் தலைக்குப் பூசும் கரைசல் உருவாகி, 1988இல் அங்கு ஒப்புதல் பெற்றது. கொதிப்புக்குப் பெரியவர்கள் உண்ணும் அளவு வழக்கமாக நாளொன்றுக்கு 10 முதல் 40 மில்லிகிராம். உச்ச அளவு 100. 5 விழுக்காட்டுக் கரைசலின் ஒரு சிறு கரண்டியில், அதாவது 5 மில்லிலிட்டரில், 250 மில்லிகிராம் இருக்கிறது. அதைக் குழந்தை விழுங்கினால் இரத்த அழுத்தம் அபாயமான அளவுக்குச் சரியும், இதயம் படபடக்கும். டிராப்பர் பாட்டில் குழந்தைகளின் சத்துச் சொட்டு மருந்தைப் போலவே தோன்றுவதால், இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம். ஸ்பெயின் நாட்டில் 2019இல், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் என்று கருதி மினாக்சிடில் கலந்த மருந்து கொடுக்கப்பட்டதால், பதினைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உடலில் முடி வளர்ந்தது. பெயர் மாறிய மருந்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது மருந்து அறிந்தவர்களுக்கே அரிது.

குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். சில கரைசல்களில் பினாஸ்டரைடும் கலந்திருக்கும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் ஒழுகும் பாட்டிலை அவர் துடைக்க வேண்டாம், மற்றவர் துடைக்கட்டும்.

மருந்தால் ஏதேனும் தீய விளைவு நேர்ந்ததாகக் கருதினால் இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024இல் தெரிவிக்கலாம். கெட்டது என்று ஐயுறும் பாட்டிலைக் கொட்டிவிடாமல், அட்டைப் பெட்டியோடும் வாங்கிய ரசீதோடும் அடுத்த வருகையில் எங்களிடம் காட்டுங்கள். அதுவரை பூசுவது விடுபடாமல் இருக்க, அதே மருந்துச்சீட்டைக் காட்டிப் புதிய பாட்டில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.