கருப்பு நிறத்தைப் பார்த்து சாக்லேட் வாங்காதீங்க

பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி போன மாசம் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பேரன் சென்னையிலிருந்து கொண்டுவந்த டார்க் சாக்லேட்டைத் தினமும் பாதிப் பட்டை தின்றிருக்கிறார். "இருதயத்துக்கு நல்லதாம்லா, மாத்திரை எதுக்கு?" பத்தே நாளில், வாழைக்குத் தண்ணி கட்டும்போது தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. கோகோ விதையிலுள்ள ஃபிளவனால் என்ற துவர்ப்புச் சத்து ரத்தக்குழாயைத் தளர்த்தும். எவ்வளவு? 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 35 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சராசரிக் குறைவு 2 புள்ளிக்கும் கீழே. ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்குச் சுமார் 4. அதாவது 160 இருந்தால் 156. மாத்திரையை நிறுத்த இது போதுமா?

அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து நடந்த காஸ்மாஸ் ஆய்வு 2022-ல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகள் மொத்தத்தில் உறுதியாகக் குறையவில்லை. இருதய நோய் மரணம் மட்டும் 27 சதவீதம் குறைவு. ஆனால் கொடுத்தது சாக்லேட் இல்லை, தினம் 500 மில்லிகிராம் ஃபிளவனால் உள்ள கேப்சூல். சாக்லேட் கம்பெனியான மார்ஸின் பணமும் அதில் உண்டு. பாங்கில் இருந்தவன், யார் பணம் என்று பார்க்காமல் விடமாட்டேன்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடே கோகோ போடுகிறார்கள். காயை உடைத்து, சதையோடு விதையைப் பெட்டியில் கொட்டி ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, பிறகு வறுக்க வேண்டும். அப்போதுதான் சாக்லேட் மணம் வரும். ஆனால் புளிப்பிலும் வறுப்பிலும் ஃபிளவனால் குறையும். கசப்பு போக சோடா உப்பு மாதிரி காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்தினால் பெரும்பகுதி போய்விடும். வேடிக்கை என்னன்னா, அப்படிச் செய்ததுதான் நல்லா கருப்பா இருக்கும்! உடன்குடிக் கருப்பட்டியை நிறத்தை வைத்து மட்டும் வாங்குவோமா? அதேதான் இதுவும்.

அட்டையில் 70 சதவீதம் என்று போட்டிருந்தால் அது கோகோவின் அளவு, ஃபிளவனாலின் அளவு இல்லை. மீதி 30-ல் பெரும்பாலும் சர்க்கரைதான். சேர்மானப் பட்டியலில் முதல் பெயரே சர்க்கரை என்றால் அது மிட்டாய். பிடித்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னத் துண்டு, 10 கிராம் போதும்.

அண்ணாச்சி டாக்டரைப் பார்த்துவிட்டு மறுபடி மாத்திரை போடுகிறார். "கருப்பட்டி போட்டு நாமளே செஞ்சா சர்க்கரை இருக்காதுல்லா?" என்று நேற்று கேட்டார். கருப்பட்டியும் சர்க்கரைதான் அண்ணாச்சி என்றேன். முகம் சுருங்கிவிட்டது.