கண்ணுக்கும் வயிற்றுக்கும் ஒரே காவல்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் வீசும். அருவியில் நீராடியவர்களுள் பலர், சூரியகாந்தி பூத்த வயல்களைக் காணச் சுந்தரபாண்டியபுரத்துக்கும் வருகின்றனர். மக்கள் கூடுமிடத்தில் நோயும் எளிதிற் பரவும். ஆகவே, சாரலுக்கு முன்னரே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

கண்ணோய் வேறு, வயிற்று நோய் வேறு என்று நாம் எண்ணுகிறோம். கிருமிகள் வேறு என்பது உண்மையே. காலரா, டைபாய்டு ஆகியவற்றின் பாக்டீரியாக்கள், நோயாளியின் மலத்தினின்று நீர், உணவு வழியே பிறர் வயிற்றை அடைகின்றன. டிரக்கோமா என்னும் கண்ணோயின் பாக்டீரியா, பீளையினின்று கை, துண்டு, ஈ வழியே பிறர் கண்ணை அடைகிறது. ஆயினும் இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு. டிரக்கோமாவைப் பரப்பும் ஈ, வெட்டவெளியில் கிடக்கும் மனித மலத்தில் முட்டையிட்டுப் பெருகுகிறது. எனவே, நல்ல கழிப்பிடம் வயிற்றை மட்டுமன்றிக் கண்ணையும் காக்கிறது.

இஃது ஏட்டளவில் நிற்கும் கூற்றன்று. பலரின் பார்வையைப் பறித்த டிரக்கோமாவை ஒழிக்க 1963-இல் நம் நாட்டில் தேசியத் திட்டம் தொடங்கப்பெற்றது. அது இந்தியாவில் இனிப் பொதுச் சுகாதாரச் சிக்கலன்று என 2024-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மருத்துவத்துடன் முகம் கழுவும் பழக்கமும் சுற்றுப்புறத் தூய்மையும் இதற்குத் துணைநின்றன. காலராவோ இன்னும் நம்மைவிட்டு நீங்கவில்லை. அதன் புதிய வகையொன்று 1992-இல் சென்னையில் தோன்றியதை நாம் மறத்தலாகாது.

மன்ற உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சில. மேல்நிலைத் தொட்டி நீரில் நாள்தோறும் குளோரின் கலத்தல் வேண்டும். ஊரின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியுள்ளதா எனச் சோதித்தல் வேண்டும். சாக்கடையருகே கசியும் குழாயை உடனே செப்பனிடுதல் வேண்டும். வெளியூரார் வரும் நாட்களில் அவர்களுக்கும் கழிப்பிட வசதி தேவை.

வீட்டார் மலங்கழித்த பின்னும் உண்ணுமுன்னும் சோப்பினால் கை கழுவுக. ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்க. சிவந்த கண்ணில் தாய்ப்பாலோ இலைச்சாறோ விடுதல் தீது. 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் வைரசால் வருவதாகையால், பாக்டீரியா மருந்தைத் தாமே வாங்கி இடுதலும் பயன் தராது. கண்ணில் வலி மிகுந்தாலோ பார்வை மங்கினாலோ மருத்துவரை நாடுக.

வயிற்றுப்போக்கு கண்டவுடன், சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுக்க. அஃது இல்லையேல், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்குக. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ காலந்தாழ்த்துதல் உயிருக்கே ஆபத்து.

வயலுக்கு வரப்புக் காவல். ஊருக்குத் தூய்மையே காவல். அக்காவலை நாமே ஏற்போமாக.