சந்தைக் கன்றும் கழிச்சல் நோயும்

மாட்டுச் சந்தைக்குச் சென்று திரும்பும் அங்கத்தினர் சிலர், கறவை மாட்டிற்கென எடுத்துச் சென்ற பணத்தில் மிஞ்சியதைக் கொண்டு ஓர் இளங்கன்றையும் பிடித்து வருவதுண்டு. விலை மலிவு என்பது ஒரு காரணம். வாடி நிற்கும் கன்றைக் கண்ட பின் அதனை விட்டுவர மனம் ஒப்பாமை மற்றொரு காரணம். இரண்டையும் நாம் குறை கூறோம். ஆயினும் இவ்வாறு வந்த கன்றுகளில் பல, வந்த ஒரு வாரத்திற்குள்ளேயே கழிச்சல் கண்டு மடிந்து விடுகின்றன. கன்றும் போய், அதற்கு ஊற்றிய பாலும் போய், குடும்பத்திற்கு மனவருத்தமே மிஞ்சுகிறது. இந்நட்டத்தைத் தவிர்க்கும் முறையை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

ஈரோட்டுக் கருங்கல்பாளையம், பொள்ளாச்சி, மணப்பாறை முதலிய சந்தைகளைப் பார்த்தவர்கள், தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை அறிவர். நல்ல மாட்டிற்குத்தான் அவ்வளவு பேச்சும். கலப்பினப் பசு ஈன்ற காளைக் கன்றுக்கும் எருமையின் கடாக் கன்றுக்கும் அங்கே மதிப்பில்லை. உழவு டிராக்டருக்கு மாறிய பின் காளைக் கன்றை வளர்ப்பார் குறைந்தனர். கறக்கும் பாலை விற்றால் பணம், கன்றுக்கு விட்டால் செலவு என்று கணக்கிடுவோர் பெருகினர். ஆகவே பிறந்து சில நாட்களே ஆன கன்று தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, வண்டியில் நெடுந்தூரம் வந்து, பல ஊர் மாடுகளின் நடுவே பட்டினியாக நிற்கிறது. நோய் பற்றுவதற்கு இதனினும் ஏற்ற நிலை வேறில்லை.

இதற்கு மேல் மறைவான குறை ஒன்றும் உண்டு. மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலிருக்கும்போதே நோய் எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதியைப் பெற்று விடுகிறது. பசுவின் கன்று அவ்வாறு பெறுவதில்லை. சீம்பாலின் மூலமாகவே பெற வேண்டும். அதனையும் பிறந்த சில மணி நேரத்திற்குள் குடித்தால்தான் முழுப்பயன். ஏறத்தாழ 24 மணி நேரம் கழிந்தபின் குடலின் உறிஞ்சும் வாயில் மூடிவிடுகிறது. சந்தையில் நிற்கும் கன்று சீம்பால் குடித்ததா இல்லையா என்பதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார். பார்வையாலும் அறிய முடியாது. குடிக்காத கன்று என்றே எண்ணிப் பேணுவது நலம்.

வாங்குமுன் தொப்புளைத் தடவிப் பார்க்க வேண்டும். அது வீங்கி, சூடாகவோ சீழ் வைத்தோ இருந்தால் நோய் மூட்டுகளுக்கும் பரவக்கூடும். வாலின் அடியும் பின்னங்கால்களும் சாணத்தால் நனைந்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். விரலை வாயில் வைத்தால் உறிஞ்ச முயலும் கன்றுக்கு நம்பிக்கை உண்டு. மேலும் கன்றின் விலை மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதியே. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் பத்திலொரு பங்காக இரண்டரை லிட்டர் பால் வேண்டும். இரண்டு மாதத்திற்கு 150 லிட்டர். சங்கம் தரும் விலையால் இதனைப் பெருக்கிப் பார்த்த பிறகே கன்றுக்கு விலை பேசுவது முறை.

வீட்டிற்கு வந்த அன்று பலர் செய்வது, பசியோடிருக்கும் கன்றுக்கு வயிறு நிறையப் பால் ஊட்டுவது. இரக்கத்தால் விளையும் கேடு இது. முதலில் உடல் வெப்பத்தைக் காண வேண்டும். ஆசனவாயில் வைத்த வெப்பமானி நல்ல கன்றுக்கு ஏறத்தாழ 101.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும். 100க்குக் கீழ் இருந்தால் குளிர் பிடித்துவிட்டது என்று பொருள். ஈரத்தைத் துடைத்து, சாக்கைப் போர்த்தி, வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி அதன்மேல் கிடத்த வேண்டும். வெறும் சிமெண்டுத் தரை கன்றின் சூட்டை இழுத்துவிடும். உடல் சூடேறிய பின், முதல் வேளைக்குப் பாலுக்குப் பதிலாக வெதுவெதுப்பான உப்புநீர்க் கரைசல் ஒரு லிட்டர் கொடுத்து, சில மணி நேரம் கழித்தே பாலைத் தொடங்க வேண்டும். அதுவும் அரை லிட்டர் அளவாக நான்கைந்து வேளை.

இனிக் கழிச்சலுக்கு வருவோம். கழிச்சலை நிறுத்தினால் கன்று பிழைக்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கழிச்சலோடு வெளியேறும் நீரும் உப்புமே. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் மடிந்தே நின்றால் உடலில் நீர் குறைந்துள்ளது. கண் குழிந்து இமைக்கும் விழிக்கும் இடையே சந்து தெரிந்தால் குறை அதிகம். 25 கிலோ கன்று தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கை இழந்ததென்றால் இரண்டு லிட்டர் நீர் போயிற்று என்று கணக்கு. இதனை ஈடு செய்வதே முதல் வைத்தியம்.

உப்பும் குளுகோஸும் சேர்ந்த நீரைக் கழிச்சலின்போதும் குடல் உறிஞ்சிக் கொள்ளும் என்ற உண்மை மனித வைத்தியத்தில் பெரும் மாறுதலை உண்டாக்கியது. 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தே பெருந்தொகையான உயிர்களைக் காத்தார். கன்றின் குடலும் இதே முறையில்தான் நீரை ஏற்கிறது. கால்நடைகளுக்கென விற்கும் கரைசல் பொட்டலமே சிறந்தது. அது கிடைக்கும் வரை, மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் குறித்த அளவு நீரில் கலந்து முதலுதவியாகக் கொடுக்கலாம். வேளைக்கு ஒரு லிட்டராக நாளில் மூன்று வேளை.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கும் பழக்கத்தை எண்ணி, கன்றுக்கும் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி கலந்து கொடுப்போர் உளர். கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி கன்றின் குடலில் இல்லை. செரியாத சர்க்கரை குடலில் நின்று மேலும் நீரை இழுத்துக் கழிச்சலை மிகுதியாக்கும். பிறந்த சில வாரம் வரை கஞ்சியும் ஆகாது. மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் அந்த வயதில் மிகக் குறைவு. நல்லெண்ணத்தோடு ஊற்றும் கஞ்சியே சில கன்றுகளுக்கு யமனாகிறது.

பாலை அடியோடு நிறுத்துவதும் தவறு. முன்பு அவ்வாறே கூறி வந்தனர். கரைசலால் நீர் கிடைக்குமே தவிர உடலைக் காக்கும் ஊட்டம் கிடைக்காது என்பது இப்போது தெளிவு. பாலில் நீர் கலக்காமல், சிறு சிறு அளவாகத் தொடர வேண்டும். பாலுக்கும் கரைசலுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருத்தல் நன்று.

ஊட்டும் முறையும் முக்கியம். காம்பு பொருத்திய புட்டியைத் தாய்மடியின் உயரத்தில் பிடித்தால் கன்று தானே உறிஞ்சும். அப்போது பால் முதல் இரைப்பையில் தங்காமல் நேரே நான்காம் இரைப்பைக்குச் செல்லும். தலையை அண்ணாத்திப் பிடித்து மூங்கில் குழலால் ஊற்றினால் நுரையீரலில் இறங்கிவிடலாம். உறிஞ்சாத கன்று, எழ முடியாத கன்று, வாய் குளிர்ந்த கன்று, இரத்தம் கழியும் கன்று ஆகியவற்றிற்கு வீட்டு வைத்தியம் போதாது. நரம்பு வழியே நீர் ஏற்ற வேண்டும். உடனே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணிற்குத் தொலைபேசியில் கூறினால் நடமாடும் மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம். கழிச்சல் பலவும் நச்சுயிரால் வருவன. அவற்றிற்கு நோய்க்கொல்லி மருந்து பயன்படாது. எது வேண்டும் என்பதை வைத்தியரே முடிவு செய்யட்டும்.

எருமைக் கன்றாயின் குடற்புழுவையும் நினைவில் வைக்க வேண்டும். பெரிய உருண்டைப் புழுவின் இளம் உருக்கள் தாய்ப்பாலின் வழியாகவே கன்றை அடைகின்றன. இரண்டாம் வாரத்தில் வைத்தியர் கூறும் அளவில் மருந்து கொடுத்தல் வேண்டும்.

சந்தைக் கன்றை மூன்று வாரம் வீட்டு மாடுகளோடு சேர்க்கலாகாது. கோமாரி முதலிய நோய்கள் வெளிப்படச் சில நாட்கள் ஆகும். சொந்த மாடுகளுக்குத் தீனி வைத்த பிறகே சந்தைக் கன்றிடம் செல்ல வேண்டும். வாளி, புட்டி எல்லாம் தனியாக இருக்கட்டும். கன்றின் கழிச்சலிலுள்ள சில கிருமிகள் மனிதரையும் பற்றுவன; தறியில் அமருமுன்னும் சமையலுக்குச் செல்லுமுன்னும் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம். குழந்தைகள் கன்றைக் கொஞ்சுவதைச் சில நாள் தடுப்பதும் கடினமான காரியமே.

கழிச்சல் பெரும்பாலும் இரவில் முற்றுகிறது. அப்போது மருந்துக் கடை திறந்திராது. எனவே சங்க அலுவலகத்தில் கரைசல் பொட்டலம் ஒரு டஜன், வெப்பமானி ஒன்று, காம்புப் புட்டி இரண்டு ஆகியவற்றை வாங்கி வைத்து, எடுத்துச் செல்வோரிடம் விலையை மட்டும் பெற்றுக் கொள்ளலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர் இதனை எழுப்புமாறு கேட்டுக் கொள்கிறோம்.