இணையவழிச் சதுரங்கம்: இலவசக் களமும் கட்டணக் களமும்

முன்னுரை

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் 'வல்' என்னும் சொல், 'நாய்', 'பலகை' என்னும் சொற்களோடு புணரும் முறையை விதந்து கூறுகின்றார். வல் என்பது சூதாடு கருவி. நாய் என்பது பலகையில் நகர்த்தப்பெறும் காய். பலகை ஆட்டத்தின் சொற்களுக்கு இலக்கணத்தில் இடம் தந்த பழமை நம் மொழிக்கு உண்டு. இந்திய மண்ணில் சதுரங்கம் எனப் பெயர் பெற்ற ஆட்டமோ பாரசீகத்தில் 'சத்ரங்' எனவும், அரபு மொழியில் 'ஷத்ரஞ்ச்' எனவும் வழங்கி, அரபியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. இன்று அது நம் மாணவர்தம் கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துள்ளது.

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் தம் 18ஆம் வயதில் உலக வாகையர் பட்டம் வென்றார். இத்தகைய செய்திகளைக் கேட்டு ஆர்வம் கொள்ளும் மாணவரும், அவர்தம் பெற்றோரும் எழுப்பும் வினா ஒன்று உண்டு: இணையத்தில் கட்டணம் செலுத்தினால்தான் இக்கலையில் முன்னேற இயலுமா? அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் வரலாறு

இவ்வினா புதியதன்று. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் இணையச் சதுரங்கக் களம் ஒன்று தோன்றியது. தன்னார்வலர் பலர் ஊதியமின்றி உழைத்து அதனை வளர்த்தனர். கணினி அறிஞர் டேனியல் ஸ்லீட்டர் 1995ஆம் ஆண்டில் அதனை 'இன்டர்நெட் செஸ் கிளப்' எனப் பெயரிட்டு, கட்டணம் பெறும் நிறுவனமாக மாற்றினார். பலரும் கூடி வளர்த்ததற்கு விலை வைப்பதோ என மனம் வருந்திய சிலர், அதே ஆண்டில் இலவசக் களம் ஒன்றைத் தனியே நிறுவினர். கட்டணம் இருந்தால்தான் தரம் நிலைக்கும் என்பது ஒரு சாரார் வாதம். அறிவு அனைவர்க்கும் பொது என்பது மறுசாரார் வாதம். முப்பது ஆண்டுகள் கடந்தும் அவ்விரு வாதங்களும் ஓயவில்லை.

இன்றைய இரு களங்கள்

இன்று பெரும்பாலோர் நாடுவன இரண்டு களங்கள். ஒன்று, 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற செஸ்.காம். 2022 டிசம்பரில் இதன் உறுப்பினர் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது. இங்கு ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. ஆயினும், இலவச உறுப்பினர் விளம்பரங்களைக் காண நேரும். புதிர்கள், பாடங்கள், ஆடிய ஆட்டத்தை விளக்கும் மீளாய்வு ஆகியவை அவர்க்கு ஓரளவுக்கே கிட்டும். அவ்வரம்பு நீங்க வேண்டுமாயின் பணம் செலுத்துதல் வேண்டும்.

மற்றொன்று, பிரெஞ்சு நாட்டினரான திபோ டுப்ளெசி 2010ஆம் ஆண்டில் உருவாக்கிய லீசெஸ். இஃது இலாப நோக்கற்ற சங்கமாக, நன்கொடையால் நடைபெறுகின்றது. விளம்பரம் இல்லை, புதிர்களுக்கு எண்ணிக்கை வரம்பும் இல்லை. இதன் நிரல் எவரும் கண்டு பயிலுமாறு வெளியிடப்பட்டுள்ளது. நன்கொடை அளிப்போர்க்குப் பெயரருகே சிறகுச் சின்னம் ஒன்று கிடைக்குமேயன்றி, ஆட்டத்தில் கூடுதல் வசதி எதுவும் கிடையாது. செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் நிற்கும் களம் இஃது எனலாம்.

இவ்விரு களங்களிலும் ஆட்டத்தை ஆராய உதவும் 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் கணினி நிரல் ஒன்றே, அதுவும் இலவசமானதே. ஆகவே, கட்டணம் செலுத்துவோன் கூடுதல் வலிமையுள்ள ஆசானைப் பெறுகின்றான் என்று கொள்ளற்க. அவன் பெறுவது பாடங்களின் ஒழுங்கான வரிசை, எளிய சொற்களில் அமைந்த விளக்கம், காணொளிகள் ஆகியவையே. இவை பயனற்றவை என்பது நம் கருத்தன்று. வழிகாட்ட ஆசிரியர் இல்லாத ஊரில் தனித்துப் பயிலும் தொடக்க நிலை மாணவர்க்கு, வரிசைப்படுத்திய பாடம் பெருந்துணையாகும்.

கட்டணம் செலுத்துமுன்

பி.பாக்தாதில் கி.பி. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸ்ஸூலி, அவருக்கு முற்பட்ட அல்அத்லி போன்ற அரபு வல்லுநர்கள் 'மன்ஸூபாத்' எனப்படும் சதுரங்கப் புதிர்களைத் தொகுத்து வைத்தனர். அஸ்ஸூலி அமைத்த புதிர் ஒன்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் விடையின்றி நின்று, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்ய வல்லுநர் அவர்பாக்கால் தெளிவு பெற்றது. ஒரு புதிரோடு நெடுநேரம் அமர்ந்திருக்கும் பொறுமையே பயிற்சியின் உயிர்நாடி என்பதை இஃது உணர்த்துகின்றது. நாளொன்றுக்குச் சில புதிர்களே கிடைப்பினும், அவற்றை ஆழ்ந்து நோக்குபவன், நூறு புதிர்களை விரைந்து கடப்பவனினும் மிகுதியாகக் கற்பான்.

எனவே, பின்வருவனவற்றை மாணவர் மனத்திற்கொள்ளுதல் நலம்.

முதலாவது, மூன்று மாதம் இலவசக் களத்திலேயே பயில்க. தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றையும், கணினியின் துணையை நாடுமுன் தாமே ஆராய்க. அதன் பின்னும் இன்னதொரு வசதி இல்லாமல் பயிற்சி தடைப்படுகின்றது எனச் சுட்டிச் சொல்ல இயலுமாயின், அதற்காக மட்டும் கட்டணம் செலுத்துக.

இரண்டாவது, சந்தா பெரும்பாலும் தானே புதுப்பித்துக்கொள்ளும் தன்மையது. ஆண்டுக் கட்டணத்தை ஒருங்கே செலுத்துமுன் ஒரு மாதம் சோதித்து அறிக. பயன்படாத சந்தா தந்தையின் உழைப்பை வீணாக்கும்.

மூன்றாவது, ஆடிய ஆட்டங்களைத் தம் கணினியில் 'பி.ஜி.என்.' கோப்பாகச் சேமித்து வைக்க. 2014இல் தொடங்கிப் புகழ் பெற்ற செஸ்24 என்னும் களம், பிறிதொரு நிறுவனத்தின் கைக்கு மாறி, 2024 ஜனவரியில் ஆடுகளத்தை மூடிவிட்டது. களங்கள் மறையலாம், கற்றது நம்மிடம் எஞ்ச வேண்டும்.

நான்காவது, கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வழிவகுக்கும் ஃபிடே தரப்புள்ளிகள், வீட்டிலிருந்து இணையத்தில் ஆடும் ஆட்டங்களால் உயர்வதில்லை. பலகையின் முன் நேருக்கு நேர் அமர்ந்து ஆடும் போட்டிகளே அதற்கு வழி. குறைந்த பொருள் உடைய குடும்பம், சந்தாவுக்குரிய தொகையைப் போட்டியின் நுழைவுக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் ஒதுக்குதல் அறிவுடைமையாகும்.

கட்டணமும் பந்தயமும்

நம் சமுதாயப் பெரியவர்களின் உள்ளத்தில் எழும் ஐயம் ஒன்றையும் ஈண்டுக் கருதுதல் கடமையாகும். சதுரங்கம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே தொன்றுதொட்டுக் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி முதலிய மத்ஹபுகளின் அறிஞர்கள் இதனைக் கடிந்தனர். ஷாஃபி மத்ஹபின் அறிஞர் பலர், பந்தயம் இன்மை, தொழுகை தவறாமை, தீய சொல் இன்மை ஆகிய வரம்புகளுக்கு உட்பட்டு இதனை ஹராம் எனக் கொள்ளாது விடுத்தனர். எனினும் விரும்பத்தக்கதெனப் போற்றினாரல்லர். இதில் முடிவு கூறுதல் உலமாக்களின் பணி, நம் பணியன்று. ஆயினும், பந்தயம் கூடாது என்பதில் அனைவரும் ஒன்றுபடுகின்றனர்.

பாடம் பெறுவதற்குச் செலுத்தும் கட்டணம், நூலகத்துக்குச் செலுத்தும் சந்தா போன்றது; செலுத்தியவன் அதற்குரிய பயனைப் பெறுகின்றான். ஆடுவோர் பணம் வைத்து, வென்றவன் தோற்றவனது பொருளைக் கொள்வது மைசிர் என்னும் சூதாகும். வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்து அதன் கேட்டை உணர்த்தியுள்ளார். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும், திறமையால் ஆடுவதாயினும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கின்றது. 'கட்டணக் களம்' என்னும் பெயரில் பந்தயக் களம் ஏதும் அழைக்குமாயின், அதன் வாயிலையும் மிதித்தல் ஆகாது.

இலவசத்தின் விலை

இலவசக் களத்துக்கும் ஒரு விலை உண்டு, அது காலம். ஒரு நிமிட ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இரவை விழுங்கிவிடும். காசு கேளாத காரணத்தால் கணக்குப் பார்க்கும் எண்ணமும் எழுவதில்லை. காலம் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நாளுக்கு ஒரு நெடிய ஆட்டம், அதனை ஆராயச் சிறிது நேரம் என வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். கணினியின் துணையை மறைவில் நாடி எதிராளியை ஏமாற்றுதலும் அமானிதத்துக்கு மாறானதே.

முடிவுரை

தொடங்குவோர்க்கும் பொருள் குறைந்தோர்க்கும் இலவசக் களமே போதும். முறையான பாடம் வேண்டுவோர், தேவை அறிந்து, காலம் வரையறுத்துக் கட்டணக் களத்தை நாடலாம். இலவசக் களத்தில் பயன் பெற்றோர், பொருளீட்டும் நாளில் இயன்றதை அதற்கு நன்கொடையாக அளித்தல் நன்றியறிதலாகும். தமிழ்த்துறை மாணவர்க்கோ பொருளின்றியே ஆற்றத்தக்க தொண்டு ஒன்று காத்திருக்கின்றது. லீசெஸ் களத்தின் சொற்களைப் பல மொழிகளில் பெயர்ப்போர் தன்னார்வலரே. பிழையற்ற நற்றமிழில் அப்பணியைச் செய்ய நம் மாணவர் முன்வருவாராயின், நாளைப் பயிலும் சிறாரும் தம் தாய்மொழியிலேயே காய் நகர்த்தக் கற்பர்.