மூடா ஆற்றின் நீர் வளம்

கெடா மாநிலம் மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று போற்றப்படுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரிந்து கிடக்கும் வயல்களின் பசுமையை வியக்காதவர் இலர். ஆனால், அந்தப் பசுமைக்கான நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர்.

ஒரு நிலப்பரப்பில் பெய்யும் மழை, ஓடைகளாகத் திரண்டு ஓர் ஆற்றை வந்தடைகிறது. அவ்வாறு நீரைச் சேர்த்துத் தரும் நிலப்பரப்பே அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படும். மூடா ஆற்றுக்கு இத்தகைய பகுதியாக விளங்குவது, தாய்லாந்து எல்லையை ஒட்டி ஏறத்தாழ 160,000 ஹெக்டர் பரப்பளவில் அமைந்துள்ள உலு மூடா காடு. காட்டின் சருகும் வேரும் மண்ணும் மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக வெளியிடுகின்றன. அதனால்தான் மழை ஓய்ந்த பின்னும் ஆறு வற்றாமல் ஓடுகிறது.

முற்காலத்தில் கெடா விவசாயிகள் வானம் பார்த்து, ஆண்டுக்கு ஒரு போகமே நெல் விளைவித்தனர். 1885ஆம் ஆண்டில், கெடாவின் முதலமைச்சர் வான் முகமட் சாமான், அலோர் ஸ்டாரிலிருந்து குரூணை நோக்கி நீண்ட கால்வாய் ஒன்றை வெட்டும் பணியைத் தொடங்கினார். சதுப்பு நிலங்கள் பல அதனால் வயல்களாயின. பின்னர், 1966இல் உலக வங்கியின் கடனுதவியோடு அரசாங்கம் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தைத் தொடங்கியது. 1970இல் அதனை நிருவகிக்க மூடா வேளாண் மேம்பாட்டு வாரியம் (மாடா) அமைக்கப்பட்டது.

இத்திட்டத்தின் அமைப்பு நுட்பமானது. மூடா அணைக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி பெரிது. நீரைத் தேக்கும் கொள்ளளவோ சிறிது. பெடு அணைக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி சிறிது, கொள்ளளவோ பெரிது. எனவே, 6 கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளமுள்ள சுரங்கம் ஒன்றின் வழியாக மூடா அணையின் நீர் பெடு அணைக்குக் கொண்டு செல்லப்படுகிறது. கெடாவிலும் பெர்லிசிலும் ஏறத்தாழ 96,000 ஹெக்டர் வயல்களில் இரு போகம் நெல் விளைய இதுவே வழிவகுத்தது.

அணை கட்டினால் மட்டும் நீர் பெருகிவிடாது. 2016ஆம் ஆண்டு எல் நினோ வறட்சியின்போது மூடா அணையின் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்தது. மழையின்மையே அதற்குக் காரணம். ஆயினும், காடு அழிந்தால் இத்தகைய வறட்சியின் கொடுமை இன்னும் கடுமையாகும். மழைக்காலத்திலோ நிலைமை வேறு. 2022 ஜூலை 4ஆம் நாள், பாலிங் மாவட்டத்தின் குப்பாங் பகுதியில் மண்ணையும் மரங்களையும் அடித்துக்கொண்டு வந்த வெள்ளம் மூன்று உயிர்களைப் பறித்தது. மலைச்சரிவுகளை எவ்வாறு பயன்படுத்துவது என்ற கேள்வியை அப்பேரிடர் எழுப்பியது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பினாங்கு மாநிலத்தின் நீர்த்தேவையில் பெரும்பங்கை மூடா ஆறே நிறைவு செய்கிறது. ஆனால், காட்டைக் காக்க மரம் வெட்டாமல் இருந்தால் வருமானத்தை இழப்பது கெடா. எனவே, அதற்கு ஈடு வேண்டும் என்று கெடா கோரி வருகிறது. மேட்டில் வாழ்வோர் காக்கும் நீரைப் பள்ளத்தில் வாழ்வோர் பயன்படுத்தும்போது, காக்கும் செலவை யார் ஏற்பது? காடு, தோட்டம், வயல், நகரம் ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கருதித் திட்டமிட்டால்தான் இதற்கு நியாயமான விடை கிடைக்கும்.

தோட்டங்களுக்கும் இதில் பங்குண்டு. ரப்பர், செம்பனை மறுநடவின்போது நிலம் வெறுமையாகக் கிடந்தால், மழை மேல்மண்ணை ஆற்றில் சேர்த்துவிடும். சரிவுகளில் படிமேடை அமைத்தல், மூடுபயிர் வளர்த்தல், ஆற்றோர மரங்களை வெட்டாமல் விடுதல் ஆகியவை மண்ணரிப்பைத் தடுக்கும். வடிகாலில் குப்பையையும் எண்ணெயையும் கொட்டாமல் இருப்பது நகரத்தார் கடமை.

குழாயைத் திறந்தவுடன் கொட்டும் நீர், எங்கோ ஒரு காட்டில் பெய்த மழை. அந்தக் காட்டைக் காப்பது நம் வீட்டு நீரைக் காப்பதாகும். இதனை உணர்ந்து நடந்தால் வயலும் செழிக்கும். வருங்காலத் தலைமுறையும் தாகமின்றி வாழும்.