தீவாந்தரம் சென்றோர் நினைவு

சிரஞ்சீவி முருகேசனுக்கு மாமாவின் ஆசிகள்.

இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேருக்குப் பள்ளிப் பிள்ளைகளோடு செல்லவிருப்பதாகவும், திரும்பியதும் அங்குள்ள நினைவுச் சின்னங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி.

உங்களை முதலில் செல்லுலார் சிறைக்குத்தான் அழைத்துச் செல்வார்கள். 1906இல் கட்டி முடிக்கப்பெற்று, ஏழு கிளைகளில் மூன்று மட்டுமே எஞ்சி, 1979இல் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணிக்கப்பட்ட அக்கட்டடத்தில், தேசபக்தர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதை நிதானமாக நின்று படி. ஆயினும், கூட்டங் கூட்டமாகக் கப்பலேற்றப்பட்ட சமூகங்களை உலகம் எவ்வாறு நினைக்கிறது என்பதை அறிய விரும்பினால், சிறைவாயிலோடு நின்றுவிடாதே.

துறைமுகத்துக்கு அப்பால் தெரியும் மலைக்கு, அந்தமான் தீவின் அதிகாரியாயிருந்த டைட்லர் என்பவருடைய மனைவியின் பெயரால் மவுண்ட் ஹாரியட் என்ற பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. 1891இல் ஆங்கிலேயரோடு பொருது தோற்ற மணிப்பூரில், இளவரசர் திகேந்திரஜித் தூக்கிலிடப்பட, மகாராஜா குலச்சந்திரர் தம்மவர் பலரோடு ஆயுட்காலத் தண்டனை பெற்று இத்தீவுக்கு அனுப்பப்பட்டார். அவர்கள் நினைவாக 2021இல் அம்மலை மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று. அரசர்க்குரிய மரியாதை, நூற்றுமுப்பது ஆண்டு தாமதித்தேனும் வந்து சேர்ந்தது.

1921ஆம் ஆண்டு மலபார்க் கலகம் அடக்கப்பட்டபின் அனுப்பப்பட்ட மாப்பிள்ளை முஸ்லிம்களோ பெரும்பாலும் ஏழைக் குடியானவர்கள். பின்னர் மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டு இங்கேயே குடியமர்ந்தவர்கள். அவர்கள் பெயரைக் கல்லில் தேடாதே. தெற்கு அந்தமானின் வரைபடத்தை விரித்துப் பார். மஞ்சேரி, திரூர், மலப்புறம், கள்ளிக்கோட்டை என்று மலபாரின் ஊர்கள் அங்கே வரிசையாக நிற்கும். திரும்பிச் செல்ல முடியாத ஊரின் பெயரை வந்து சேர்ந்த ஊருக்கு இட்டு, எந்த அரசாங்கத்தின் தயவுமின்றித் தங்கள் ஞாபகார்த்தத்தைத் தாங்களே நிறுவிக்கொண்டார்கள் அவர்கள்.

ஐக்கிய மாகாணத்திலிருந்து 1920களில் கொணரப்பட்ட பாந்து சமூகத்தாரின் கதி இன்னும் இரங்கத்தக்கது. பிறவியிலேயே குற்றவாளிகள் என ஒரு குலத்தையே முத்திரையிட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கொடுமைக்கு ஆளானவர்கள் அவர்கள். நம் பெருங்காமநல்லூர் மக்கள் 1920இல் எதிர்த்து நின்று உயிர்நீத்ததும் அச்சட்டத்தை முன்னிட்டே என்பதை நீ அறிவாய். தியாகியென்று போற்றவோ அரசனென்று வணங்கவோ இடமில்லாதவர்களுக்குச் சின்னம் எழுப்ப எளிதில் எவரும் முன்வருவதில்லை.

இத்தனை பேரும் குடியேற்றப்பட்ட நிலம் வேறு மக்களுடையது என்பதையும் மறவாதே. 1859 மே 17இல் வில்லும் அம்புமாக வந்து ஆங்கிலேயரை எதிர்த்து மடிந்த அந்தமான் பழங்குடியினர்க்குப் போர்ட் பிளேரின் அபர்தீன் பகுதியில் ஒரு ஸ்தூபி உண்டு. அவர்தம் இனத்தைப் பின்னர் தேய்த்தது, குடியேற்றத்தோடு கப்பலேறி வந்த நோய்.

ஆதலால், எந்தச் சின்னத்தின் முன் நின்றாலும் மூன்று கேள்வி கேள்: இவர்களை அனுப்பிய ஆணை யாருடையது? இக்கல்லை நாட்டியவர் யார்? இங்கே எழுதப்படாதவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை தேடினாலன்றி உன் கட்டுரை நிறைவு பெறாது. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
மாமா