உண்டியலுக்கு இரண்டு சாவி

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தொடங்கி தைப்பூசம் முடியும்வரை ஜொகூரில் தர்மப் பணம் நிறையப் புழங்கும். ஆலய உண்டியல்கள் வேகமாக நிரம்பும். வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரிசியும் மளிகையும் வாங்கித் தரத் தாமான்களில் இளைஞர்கள் வசூலுக்கு இறங்குவார்கள். அன்னதானத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகங்கள் கைமாறும். இந்தப் பணம் திருடு போனது என்றதும் நம் மனத்தில் வருபவன் நள்ளிரவில் பூட்டை உடைப்பவன்தான். அவனுக்காகக் கேமராவும் கம்பிக் கதவும் வைக்கிறோம், வேண்டியவைதான். ஆனால் பூட்டை உடைப்பவன் பெட்டியில் அன்றைக்கு இருந்ததை மட்டுமே எடுக்க முடியும். சாவி வைத்திருப்பவர் நினைத்தால் ஆண்டுக்கணக்கில் எடுக்கலாம். ஆகவே இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் ஒரே விதியிலிருந்து வருகின்றன: பெட்டியில் விழுந்த நேரம் முதல் வங்கிக் கணக்கில் சேரும் நேரம் வரை, பணம் ஒரு நொடிகூட ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கக் கூடாது.

இதற்குச் சான்று ஜொகூர் பாலத்தைத் தாண்டியதுமே இருக்கிறது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தின் தலைமை அர்ச்சகராக இருந்தவர், 2016 முதல் 2020 வரை ஆலய நகைகளில் 66 உருப்படிகளை 172 முறை அடகு வைத்தார். கிடைத்த தொகை 20 லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கும் மேல். 2023 மே மாதம் அவருக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கருவறைப் பெட்டகத்தின் சாவியும் எண் பூட்டின் குறியீடும் அவரிடமே இருந்தன. அங்கே தணிக்கை இல்லாமல் இல்லை. தணிக்கை வருகிறது என்று தெரிந்ததும் வேறு நகைகளை அடகு வைத்து, முன்பு வைத்ததை மீட்டு, பெட்டகத்தில் திருப்பி வைத்துவிடுவார். 2020இல் அது முடியாமல் போனபோதுதான் உண்மை வெளிவந்தது. நகைகள் மீட்கப்பட்டன என்பது ஆறுதல். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இரண்டு: ஒரு சாவி ஒரு கையில் இருந்தால் மற்ற எந்தக் காவலும் பயன்படாது; முன்கூட்டியே தெரிந்த தணிக்கை தணிக்கையே அல்ல.

பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே நிர்வாகக் குழு கூடி, யார் சாவி வைப்பது, யார் எண்ணுவது, யார் வங்கிக்குப் போவது என்று முடிவு செய்து கூட்டக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். உண்டியலைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி, இரண்டு பூட்டுப் போடுங்கள். சாவிகள் உறவினரல்லாத இருவரிடம் இருக்கட்டும். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் இதில் ஒருவராகவே கணக்கு. திறக்கும் கதவில் எண் பொறித்த பிளாஸ்டிக் முத்திரை போட்டு அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிப்பதென்றால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல் துறையின் உரிமம் வேண்டும். அதன் நகல் இல்லாமல் எந்தத் தொண்டரையும் அனுப்பாதீர்கள். ரசீதுப் புத்தகங்களுக்கு வரிசை எண் போட்டு, வாங்கியவரிடம் கையெழுத்துப் பெற்று, எழுதாத புத்தகத்தையும் குறித்த நாளில் திரும்ப வாங்குங்கள். திரும்பி வராத ஒரு புத்தகத்தால் ஊர் முழுக்கச் சங்கத்தின் பெயரில் வசூல் நடக்கக்கூடும்.

எண்ணும் வேலையில்தான் அதிகக் கவனம் தேவை. பண்டிகை நாள்களில் ஒவ்வோர் இரவும் உண்டியலைத் திறந்துவிடுங்கள். அப்படித் திறக்கப்படுகிறது என்று வாசலில் எழுதியும் வையுங்கள், பூட்டை உடைக்க வருபவனும் அதைப் படிக்கட்டும். திறக்குமுன் முத்திரை எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். குறைந்தது மூவர், கேமராவின் கண்ணில் படும் வெறும் மேசையில், கைப்பையும் மேல்சட்டையும் இல்லாமல் உட்கார வேண்டும். திருப்பதியில் பரகாமணியில் காணிக்கை எண்ணப் போகும் தொண்டர்கள் வேட்டி பனியனோடுதான் போகிறார்கள். நோட்டு வாரியாகத் தாளில் எழுதுங்கள்: நூறு வெள்ளி எத்தனை, ஐம்பது எத்தனை, சில்லறை எவ்வளவு. ஒருவர் எண்ணியதை இன்னொருவர் மறுபடி எண்ணி, மூவரும் கையெழுத்திட வேண்டும். பணம் மேசையை விட்டு நகருமுன் அந்தத் தாளின் படம் குழுவின் வாட்சாப்பில் எல்லாருக்கும் போய்விட வேண்டும். இந்த ஒரு படி மட்டுமே பல சபலங்களை முளையிலேயே கிள்ளிவிடும், ஏனெனில் அதன்பிறகு தொகையை மாற்றி எழுத வழியில்லை.

2025 ஜனவரியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. வெள்ளி இரவு எண்ணிய பணம் திங்கள்வரை அலமாரியில் கிடக்கக் கூடாது. நோட்டுகளை இருவர் சேர்ந்து பணம் செலுத்தும் இயந்திரத்தில் போடலாம். சில்லறையை மூட்டையாகக் கட்டி முத்திரையிட்டு வைக்கலாம். வங்கிச் சீட்டை எண்ணிக்கைத் தாளோடு ஒப்பிடுபவர் எண்ணியவராகவோ கொண்டுபோனவராகவோ இருக்கக் கூடாது.

ரொக்கமே வேண்டாம், டியூட்நவ் கியூஆர் போதும் என்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. 2023 ரமலான் மாதத்தில் ஜகார்த்தாவில் இஸ்திக்லால் உட்படப் பல பள்ளிவாசல்களில் ஒருவர் தம் சொந்தக் கியூஆர் ஒட்டிகளை ஒட்டிவைத்துப் பிடிபட்டார். ஆகவே கணக்கு சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும், பொருளாளரின் சொந்தக் கணக்கு கூடவே கூடாது. ஒட்டியைக் கண்ணாடித் தகட்டுக்குள் வைத்து, தினமும் காலையில் ஒரு வெள்ளி அனுப்பி, திரையில் வரும் பெயரைச் சரிபாருங்கள்.

இனி, எல்லாக் குழுவிலும் எழும் மறுப்பு: “இத்தனை ஆண்டு சேவை செய்தவரைச் சந்தேகிப்பதா?” அந்த மனத்தாங்கலை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் ஒரு தொகை குறைகிறது என்று வையுங்கள். தனியாக எண்ணிய நேர்மையாளர் தம் நேர்மையை எதைக் காட்டி நிரூபிப்பார்? மூவர் கையெழுத்து அவருக்குத்தான் முதல் பாதுகாப்பு. விதி தலைவருக்கும் பொருந்தும் என்றால் யாருக்கும் அவமானமில்லை. சிறிய தோட்டத்து ஆலயங்களில் ஆளில்லை என்பது நியாயமான குறை. அங்கே அன்றைய பூசைக்கு வந்த பக்தர்களில் இருவரை அழைத்து உட்கார வையுங்கள். எண்ணத் தனித் திறமை வேண்டாம், வாரந்தோறும் முகங்கள் மாறுவதும் நல்லதே.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் காணாமல் போனால் அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கேமராப் பதிவு அழிந்துபோகுமுன் நகலெடுங்கள். சாவிகளையும் வங்கிக் கையொப்ப உரிமையையும் மாற்றுங்கள். ‘வெளியே தெரிந்தால் ஆலயத்தின் பெயர் கெடும், திருப்பித் தந்தால் போதும்’ என்று பேசி முடிக்கும் பழக்கம்தான் அடுத்த திருட்டுக்கு வழிவிடுகிறது. 2023 ஏப்ரலில் திருப்பதிப் பரகாமணியில் டாலர் நோட்டுகளோடு சிக்கியவரின் வழக்கு அதே ஆண்டில் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானது. அதுவே பெரிய சர்ச்சையாகி, 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சிஐடி விசாரணைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. புகார் கொடுத்த கையோடு, காணாமல் போன தொகையையும் புகாரின் தேதியையும் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைக்கும் கணக்கிலும், பிறகு 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பும் அறிக்கையிலும் அந்தத் தொகை தனி வரியாக இடம்பெறட்டும்.